மூன்று கயிறும் ஒரு மருவும்

என் கழுத்தில் இருந்தது மரு. மரு என்றால் மரு, அவ்வளவுதான். பாவமும் இல்லை, சாபமும் இல்லை, பெரிய வியாதியும் இல்லை. இதை இவ்வளவு உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்றுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. ஒரு சுண்டைக்காய் அளவு சதைக்காக என்னை வீட்டை விட்டே அனுப்பப் பார்த்தார்கள். நான் போகவில்லை. மருதான் போயிற்று.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீஸில் குமாஸ்தா. பவானிபூரில் ஒரு மாடி வீட்டின் மேல்தளத்தில் மாமனார், மாமியார், அவர், நான் என்று நாலு பேர் இருந்தோம். கீழே கல்யாணமாகாத ஒரு பெங்காலி கணக்கர் தனியாக இருந்தார். பக்கத்து வீட்டு மொட்டைமாடி எங்கள் மாடியோடு ஒட்டியிருக்கும். அங்கே ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் மனைவி. அவளை நான் தீதி என்று கூப்பிடுவேன். அவர்கள் பாஷையில் அக்கா. துணி உலர்த்தப் போய், சைகை காட்டிக் காட்டியே அவளிடம் பெங்காலி கற்றுக்கொண்டேன்.

வங்காளத்தை இரண்டாக வெட்டக்கூடாது என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. தெருவில் தினம் ஊர்வலம், பாட்டு, கோஷம். எங்கள் வீட்டிலும் வெட்டலாமா கூடாதா என்றுதான் சண்டை. வெட்ட வேண்டிய பொருள்தான் கொஞ்சம் சின்னது.

மரு எப்போது வந்தது என்று எனக்கே தெரியாது. கழுத்தின் இடது பக்கம், காதுக்குக் கீழே நாலு விரல் தள்ளி, முதலில் ஒரு மிளகு மாதிரி இருந்தது. வேர்க்குரு என்று விட்டுவிட்டேன். தினம் குளிக்கும்போது தாலிக் கயிற்றுக்கு மஞ்சள் அரைத்துப் பூசுவது எங்கள் வழக்கம். ஊரில் அது ஒரு நாழிகையில் காய்ந்துவிடும். கல்கத்தாப் புழுக்கத்தில் எது காய்ந்தது, கயிறு காய? பொழுதன்னைக்கும் ஈரமாக, மஞ்சளும் வேர்வையும் ஊறி, கழுத்தை அறுத்துக்கொண்டே கிடக்கும். அந்த உரசலில் மிளகு சுண்டைக்காயாயிற்று. காம்பு வைத்துத் தொங்கியது. அண்ணாந்து துணி உலர்த்தினால் கயிறு அதன் பின்னால் மாட்டிக்கொண்டு இழுக்கும், உயிர் போகும்.

ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடும்போது மாமியார் அதைப் பார்த்துவிட்டாள். பார்த்தவள் கையை எடுத்துவிட்டாள்.

"என்னடி இது, கயிறு படற எடத்துல?"

அதுதான் குற்றம். அதே மரு முழங்கையில் இருந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். தாலி படும் இடத்தில் இருந்ததால் அது புருஷன் ஆயுசுக்கு வந்த கெட்ட அடையாளம் ஆகிவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் மாமனாரின் வழுக்கை மண்டையில் எலுமிச்சங்காய் அளவு ஒரு கட்டி இருந்தது. பளபளவென்று இருக்கும். யோசனை பண்ணும்போதெல்லாம் அதைத் தடவிக்கொள்வார். அது வந்த வருஷம்தான் அவருக்கு உத்தியோகம் உயர்ந்ததாம். அதனால் அதற்கு அதிர்ஷ்டக் கட்டி என்று பேர். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் வீட்டில் மாமனாருக்கு வந்தால் அதிர்ஷ்டம், மருமகளுக்கு வந்தால் தோஷம்.

தோஷம் என்று முடிவானதும் பரிகாரம் ஆரம்பித்தது. முதல் பரிகாரம் என்ன தெரியுமா? இன்னொரு கயிறு! என் புருஷனின் ஆயுசுக்காக வேண்டிக்கொண்டு, மஞ்சள் கிழங்கு முடிந்த ஒரு கயிற்றை மாமியார் என் கழுத்தில் கட்டினாள். மாசி முடிந்து காரடையான் நோன்பு வந்தது. நோன்புக்குக் கட்டும் சரடை எல்லோரும் சில நாளில் எடுத்துவிடுவார்கள். நான் மட்டும் எடுக்கக்கூடாது என்று உத்தரவு. ஆக மூன்று கயிறு. மூன்றுக்கும் தினம் மஞ்சள். ஒரு கயிறு உரசி வந்த மருவை மூன்று கயிறு சேர்ந்து உரசின. அன்றைக்கு எனக்கும் இது உறைக்கவில்லை. நானே பயபக்தியோடு மூன்றுக்கும் மஞ்சள் பூசினேன். என் முட்டாள்தனத்தையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும்.

பிறகு உப்பும் மிளகும். ஊரில் மரு உதிர வேண்டிக்கொண்டு கோயில் குளத்தில் உப்பு மிளகு போடுவார்கள். உப்பு கரைகிற மாதிரி மரு கரையும் என்று நம்பிக்கை. இங்கே குளத்துக்கு எங்கே போவது? காளிகட்டத்துப் படித்துறையில் போட்டோம். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு பெங்காலி அம்மாள், இத்தனை நல்ல மிளகை யாராவது தண்ணீரில் கொட்டுவார்களா என்று என்னைத் திட்டினாள். உப்பு கரைந்தது. மரு கரையவில்லை.

அதற்கப்புறம் குதிரை முடி. காம்புள்ள மருவைக் குதிரைவால் முடியால் இறுக்கிக் கட்டினால் தானே விழுந்துவிடும் என்பது கைவைத்தியம். என் வீட்டுக்காரர் குதிரை வண்டி ஸ்டாண்டுக்குப் போய், வாலிலிருந்து இரண்டு முடி கேட்டிருக்கிறார். வண்டிக்காரன் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "முடி எதுக்கு பாபு, வண்டிலயே ஏறிக்கோயேன்" என்றானாம். முடி வந்தது. மாமியார் கட்டினாள். மூன்றாம் நாள் மரு கறுத்து, நுனி மட்டும் விழுந்தது. அடி தடித்துச் சீழ் கட்டியது. மிச்சத்தைச் சுட்டுவிடலாம் என்று சுண்ணாம்பையும் சோடாக் காரத்தையும் குழைத்து வைத்தாள். ஐயோ, அந்த எரிச்சல்! இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மருவைச் சுற்றியிருந்த நல்ல தோலும் வெந்து போயிற்று.

மாமியார் என்னை வதைக்க வேண்டும் என்று இதைச் செய்யவில்லை. அவளுக்குப் பிறந்த ஐந்தில் மிஞ்சியது என் வீட்டுக்காரர் ஒருவர்தான். என் கழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் பிள்ளையின் பாடைதான் தெரிந்தது. இது எனக்குப் புரிந்துதான் இருந்தது. புரிந்ததால் எரிச்சல் குறையுமா என்ன?

நவராத்திரி வந்தது. ஊரெல்லாம் துர்கா பூஜை மேளம். பவானிபூரில் இருந்த நாலைந்து தமிழ் வீடுகளில் கொலு. வெற்றிலை பாக்குக்குப் போன இடத்தில் என் நெற்றிக்குக் குங்குமம் இடவில்லை. சிமிழைத் தரையில் வைத்து, "நீயே எடுத்து இட்டுக்கோம்மா" என்றார்கள். என் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி, "பெரிய வியாதியா இருக்குமோ?" என்று கேட்டாள். பெரிய வியாதி என்றால் குஷ்டம். காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றின மாதிரி இருந்தது. சுண்டலை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தப் பேச்சு எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மறுநாள் மாமனார் கட்டியைத் தடவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். தை பிறந்ததும் கும்பகோணத்துக்காரர் ஒருவர் ஊருக்குப் போகிறாராம். அதற்குள் இது சரியாகாவிட்டால் அவரோடு என்னை என் அப்பா வீட்டுக்கு அனுப்பிவிடுவது. சரியான பிறகு திரும்பி வரலாமாம். அப்படிப் போன பெண்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஆறு மாசத்தில் இன்னொரு ஜாதகம் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரர் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று மத்தியானம் மொட்டைமாடியில் நான் அழுதுகொண்டிருந்ததைத் தீதி பார்த்தாள். கைப்பிடிச் சுவரைத் தாண்டி வந்து, புடவைத் தலைப்பை விலக்கி, கழுத்தைப் பார்த்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை; தொட்டாள். எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் என்னைப் பயப்படாமல் தொட்ட முதல் கை.

"அட மத்ராஜி பௌ, இதுக்கா அழறே? என் நாத்தனாருக்கு இதவிடப் பெருசு இருந்துது. பொம்பளை டாக்டர் ஒருத்தி இருக்கா. நாளைக்கே போகலாம், வா" என்றாள். பௌ என்றால் மருமகள். மதராஸிலிருந்து வந்த மருமகள் நான்.

காளி கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனோம். பொய்தான். திரும்பும் வழியில் உள்ளே போய் ஒரு கும்பிடு போட்டுப் பொய்யை நேர் செய்துகொண்டேன்.

டாக்டரம்மாவும் பெங்காலிதான். வெள்ளைப் புடவை, காலில் பூட்ஸ், முழுக்கை ரவிக்கை. என்னை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, மருவை இரண்டு விரலால் தூக்கி, இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தாள். பிறகு கேள்விமேல் கேள்வி. எத்தனை நாளாக இருக்கிறது? திடீரென்று வளர்ந்ததா, மெல்ல மெல்லவா? நிறம் மாறியதா? ரத்தம் தானாக வருகிறதா, இழுபட்டால் வருகிறதா? தீதி பாதி, நான் பாதியாகப் பதில் சொன்னோம். திடீரென்று ஒரு குண்டூசியால் மருவுக்குப் பக்கத்தில் குத்தினாள். நான் அலறிவிட்டேன்.

"வலிக்குதா? ரொம்ப நல்லது. நீங்க பயப்படற வியாதியா இருந்தா அந்த எடம் மரத்துப் போயிருக்கும்" என்றாள்.

அப்படியே அவள் காலில் விழுந்துவிடலாம் போல இருந்தது.

அவள் கயிறுகளைத் தூக்கி எண்ணினாள். "இதென்ன, மூணு?"

"ஒண்ணு தாலி. மத்த ரெண்டும் இது சரியாகணும்னு கட்டினது" என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, நிதானமாகச் சொன்னாள். கழுத்து, அக்குள் மாதிரி தோல் உரசுகிற இடத்தில், வயது வந்தவர்களுக்கு இப்படிச் சதை வளர்வது சகஜமாம். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. புற்றாக மாறும் ஜாதியும் இல்லை. உரசாமல் இருந்தால் சாகும்வரை சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். வேகமாக வளர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, தொடாமலே ரத்தம் வந்தாலோ, ஆறாத புண்ணானாலோதான் கவலைப்பட வேண்டும். எனக்கு அப்படி எதுவும் தானாக வரவில்லை. புண் நாங்களே கட்டியும் சுட்டும் உண்டாக்கியது. இதைச் சொல்லிவிட்டு டாக்டரம்மா தன் கழுத்துப் பட்டையை விலக்கிக் காட்டினாள். அங்கே மிளகு அளவில் இரண்டு.

"எனக்கும் இருக்கு. நான் என்ன பாவம் பண்ணினேன்?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மாமனாரின் தலைக் கட்டியைப் பற்றியும் மறக்காமல் கேட்டுக்கொண்டேன். அது வேறு வகையாம். தோலுக்கடியில் ஒரு பையில் மாவு மாதிரி சேர்வதாம். அதுவும் பெரும்பாலும் கெடுதல் செய்யாது. அதிர்ஷ்டமும் செய்யாது.

"உன்னோடதைச் சும்மா விடமுடியாது, புண்ணாக்கி வெச்சிருக்கீங்க. ஊசி போட்டு மரத்துப்போக வெச்சு எடுத்துடறேன். ரெண்டு தையல். ஆனா தையல் பிரிக்கற வரைக்கும் ஏழு நாள் கழுத்துல கயிறு படக்கூடாது. ஒரு கயிறும்" என்றாள்.

வந்தது வினை! எங்கள் பெண்களுக்கு ஒரு சட்டம் உண்டு. தாலிக் கயிறு நைந்துபோனால், புதியதைக் கட்டிக்கொண்ட பிறகுதான் பழையதை எடுக்க வேண்டும். கழுத்து ஒரு நொடிகூட மூளியாக இருக்கக்கூடாது. மூளிக் கழுத்து புருஷன் செத்தவளுக்குத்தான். இவள் ஏழு நாள் என்கிறாள். வெட்டாவிட்டால் தையில் அப்பா வீடு. வெட்டிக்கொண்டால் தாலியைக் கழற்றின பாதகி என்று அன்றைக்கே அப்பா வீடு. எந்தப் பக்கம் போனாலும் எனக்கு இந்த வீடு இல்லை.

திரும்பி வரும்போது வண்டியில் தீதி தன் கையை நீட்டினாள். சங்கு வளையலும், அதோடு ஒரு இரும்பு வளையலும். "எங்க கல்யாணம் கையில இருக்கு. எங்க கழுத்து வெறுசாத்தான் இருக்கு. எங்க புருஷங்க எல்லாம் செத்தா போயிட்டாங்க? உன்னோடதும் ஏழு நாள் கையில இருக்கட்டுமே. கிச்சு ஹொபே நா" என்றாள். ஒன்றும் ஆகாது என்று அர்த்தம். அந்த நிமிஷமே நான் முடிவு பண்ணிவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். மாமியார் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கயித்தக் கழட்டறதா? அந்த வார்த்தைய இந்த ஆத்துல சொல்லாதே. தாலியக் கழட்டினவளுக்கு என்ன பேருன்னு தெரியுமோடி நோக்கு?"

"தெரியும்மா. ஆனா அவர் இதோ மோர் சாதம் சாப்பிட்டுண்டிருக்காரே" என்றேன்.

அவருக்குப் புரைக்கேறிவிட்டது. மாமியார் அவர் தலையில் தட்டிக்கொண்டே என்னை முறைத்தாள். மாமனார் கையைத் தலைக்குக் கொண்டுபோய், "பொம்மனாட்டிகள் வாயாடக் கத்துண்டா குடும்பம் உருப்படாது" என்றார்.

"அப்பா, நீங்க தடவறேளே, அதப் பத்தியும் டாக்டரம்மாவக் கேட்டேன். அதுல அதிர்ஷ்டம் ஒண்ணும் இல்லையாம். மாவாட்டம் அழுக்குதானாம்."

கை பாதியில் நின்றது. அதற்குப் பிறகு அவர் என் முன்னால் அதைத் தடவியதே இல்லை. பெரியவரை அப்படிச் சொன்னது தப்புத்தான். அந்தத் தப்புக்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை.

என் வீட்டுக்காரர் கை கழுவ வந்தபோது கேட்டேன். "ஏன்னா, நீங்க என்ன சொல்றேள்?"

"எனக்குத் தெரியாதுன்னு வெச்சுக்கோயேன்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "உங்க பேரச் சொல்லித்தானே இத்தன கயிறும் கட்டியிருக்கா? என் கழுத்து வேகறது உங்களுக்காக. உங்களுக்கே தெரியாதா?"

கையைக் கழுவி, செம்பைக் கீழே வைத்தார். பிறகு, "எத்தன மணிக்கு?" என்றார்.

"பத்துக்கு."

"பத்துக்கு நான் கிடர்பூர்ல இருப்பேன். உயிரோடதான் இருப்பேன். நீ போயிட்டு வா."

அம்மாவுக்கு எதிராக அவர் வாழ்க்கையில் பேசிய முதல் பேச்சு அது. அதையும் அம்மா காதில் விழாமல்தான் பேசினார். இருந்தாலும் எனக்கு அது போதும்.

மறுநாள் பத்து மணிக்கு டாக்டரம்மாவின் மேஜைக்குப் பக்கத்தில் நின்றேன். இரண்டு வேண்டுதல் கயிற்றையும் நர்ஸ் கத்தரியால் வெட்டி எறிந்தாள். தாலிக் கயிற்றிடம் கத்தரி வந்தபோது நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "இத வெட்டாதே. அவிழ்க்கணும்." முடிச்சு மஞ்சளேறிக் கல்லாக இறுகிப் போயிருந்தது. தீதி கொண்டையூசியால் நெம்பி நெம்பித் தளர்த்தினாள். கடைசியில் நானே கையைப் பின்னால் கொண்டுபோய் அவிழ்த்தேன். இடது மணிக்கட்டில் சுற்றிக் கட்டிக்கொண்டேன்.

கழுத்தில் காற்றுப் பட்டது. கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகப் பட்டது. எந்தப் பெண்ணும் இதைச் சொல்லமாட்டாள்; நான் சொல்கிறேன். சுகமாக இருந்தது.

கார்பாலிக் தண்ணீர் நெடி. ஒரு ஊசி, சுருக்கென்றது. கொஞ்ச நேரத்தில் அந்த இடம் என்னுடையதே இல்லை என்பதுபோல் ஆகிவிட்டது. கத்தி வைத்ததும் தெரியவில்லை, தைத்ததும் தெரியவில்லை. நூல் இழுபடுவது மட்டும் தெரிந்தது. எட்டு மாச உப்பு, மிளகு, குதிரை, சுண்ணாம்பு எல்லாம் கால் மணியில் முடிந்தது. டாக்டரம்மா மருவைப் பீங்கான் தட்டில் வைத்துக் குறுக்கே வெட்டிக் காட்டினாள். தோலும் கொஞ்சம் கொழுப்பும் இருந்தன, வேறு ஒன்றும் இல்லை. என்னைப் பெற்றவர்கள் வீட்டுக்கு விரட்ட வந்த பூதம் அதுதான்.

வீட்டு மாடிப்படியிலேயே மாமியார் நின்றுகொண்டிருந்தாள். கழுத்துக் கட்டைப் பார்த்தாள். மணிக்கட்டைப் பார்த்தாள். உள்ளே போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் உள்ளே வரக்கூடாது, எதையும் தொடக்கூடாது. சரி, நல்லதாயிற்று, வந்த நாளிலிருந்து முதல் தடவையாகக் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

நாலாம் நாள் சாயங்காலம் அவர் ஆபீஸிலிருந்து நடுங்கிக்கொண்டே வந்தார். பல் தந்தியடித்தது. மூன்று போர்வை போர்த்தியும் கட்டிலே ஆடியது.

மாமியார் கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. என் முன்னால் வந்து, தரையில் உட்கார்ந்து, என் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டாள். "உன் கால்ல விழறேன்டி. கட்டிக்கோ. எனக்கு அவன் ஒருத்தன்தான். கட்டிக்கோடி."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். காலைப் பிடித்தால் என்ன செய்வது? எனக்கும் பயம்தான். பயமில்லை என்று சொன்னால் பொய். ஒருவேளை அவள் சொல்வது நிஜமாக இருந்துவிட்டால்? மணிக்கட்டிலிருந்து கயிற்றை அவிழ்த்தேன். கழுத்துக்குக் கொண்டுபோனேன். தையலில் பட்டது. உச்சிவரை வலித்தது. கை அப்படியே நின்றது. அதே நேரத்தில் கீழேயிருந்து கட்டில் கிரீச் கிரீச்சென்று ஆடும் சத்தமும், "ஓ மா, மா கோ" என்ற முனகலும் கேட்டன. கீழ்வீட்டுக் கணக்கரும் அதே குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். மழை விட்ட பிறகு பவானிபூரில் வீட்டுக்கு ஒருவர் அப்படித்தான் படுத்திருந்தார்கள்.

"அம்மா, கீழ கேக்கறதா? அவருக்குக் கல்யாணமே ஆகலை. அவருக்கு எவ கழட்டினா?" என்றேன்.

கயிற்றை மறுபடி மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். யாரும் தடுக்கவில்லை. கஞ்சி வைத்தேன். தீதியின் வீட்டுக்காரர் மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரை வாங்கி வந்தார். கயிறு கட்டின கையால் என் வீட்டுக்காரர் தலையைத் தாங்கி, அந்தக் கசப்பை மூன்று வேளையும் நானே அவர் வாயில் போட்டேன். மாமியார் தலைமாட்டில் உட்கார்ந்து என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மூன்று நாளும் நான் தூங்கவில்லை. அவர் போய்விட்டால் ஊர் என்னை என்ன சொல்லும் என்பதல்ல, அவர் போய்விடுவாரோ என்பதே என் பயமாக இருந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும்.

ஏழாம் நாள் வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் விட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. கண்ணைத் திறந்தவர் முதலில் கேட்டது, "உன் புண் ஆறிடுத்தா?"

மறுநாள் தையல் பிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மாமியார் பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்திருந்தாள். நல்ல நாள் பார்த்து, வாத்தியாரை வைத்து, அவர் கையால் கட்ட வேண்டுமாம். ஒரு முடிச்சு அவர், மற்ற இரண்டு நாத்தனார் ஸ்தானத்தில் யாராவது. கூடவே இரண்டு புது வேண்டுதல் கயிறும் தயாராக இருந்தது.

"அவர் கை இன்னும் நடுங்கறதும்மா" என்றேன். புதுக் கயிற்றில் தாலியைக் கோத்து, சுவாமிக்கு முன்னால் நின்று, மூன்று முடிச்சையும் நானே போட்டுக்கொண்டேன். மற்ற இரண்டு கயிற்றையும் மடித்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு எப்போது கயிறு மாற்றினாலும் முடிச்சு என் கையால்தான். மஞ்சள் பூசினால் ஈரம் போகத் துடைப்பேன்.

தை பிறந்தது. கும்பகோணத்துக்காரர் ஊருக்குப் போனார். என்னை அல்ல, என் தங்கைக்கு ஒரு ஜோடிச் சங்கு வளையலை எடுத்துக்கொண்டு போனார்.

என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு முப்பத்தொரு வருஷம் இருந்தார். நாலு குழந்தைகள் பிறந்தன. மாமனார் தன் கட்டியோடும், மாமியார் தன் பயத்தோடும் போய்ச் சேர்ந்தார்கள். பிறகு ஒருநாள் சாயங்காலம், டிராமிலிருந்து இறங்கி வந்து, செருப்பைக் கழற்றி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பத்தாம் நாள் பெண்டுகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒன்றுவிட்ட நாத்தனார் ஒருத்தி, பழைய கதையெல்லாம் தெரிந்தவள், பக்கத்திலிருந்தவளிடம் என் காதில் விழும்படியே சொன்னாள்: "அன்னிக்கே கழட்டினவதானே. பலிச்சுடுத்து."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. அவளைத் திரும்பிப் பார்த்தேன். "முப்பத்தொரு வருஷம் கழிச்சா? உன் ஆத்துக்காரருக்கு நீ ஒரு நாளும் கழட்டலையே. அவர் ஏன் நாப்பது வயசுல போனார்?"

கத்தரியோடு வந்தவள் என் கழுத்துக்குக் கையைக் கொண்டுவந்தாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வெட்டாதே. நான் போட்ட முடிச்சு. எனக்கு அவிழ்க்கத் தெரியும்."

கையைப் பின்னால் கொண்டுபோனேன். விரல் வழியில் அந்தப் பழைய தழும்பைத் தொட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. அவிழ்த்து, இடது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன். அன்றைக்குப் பூராவும் அது அங்கேதான் இருந்தது. யாரும் கேட்கவில்லை.